கடலில் களவு, கரையில் கணக்கு: மீன்வளக் காவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீசியசின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் வந்திறங்கும் தமிழ் மாலுமிகளுக்கும் நம் அதிகாரிகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாகப் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். அதனாலேயே கோவில் மண்டபத்திலும், தமிழ் வகுப்பு முடியும் நேரத்தில் பெற்றோர் காத்திருக்கும் வாசலிலும், மாயேபூர் சந்தையில் மீன் வாங்கும் இடத்திலும் ஒரே விதமான ஐயங்களை என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலானவை கிரியோலில் கேட்கப்பட்டவை. தமிழில் எழுதும்போது கேட்டவருடைய தொனியை மாற்றாமல் வைத்திருக்கிறேன். எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவற்றுக்குப் போகிறேன்.

சட்டவிரோத மீன்பிடிப்பு என்றால் மீன் திருட்டுதானே? அதற்கு எதற்கு மூன்று பெயர்?

மூன்றும் மூன்று வேறு குற்றங்கள் என்பதால்தான். உரிமம் இல்லாமலோ, தடை செய்த காலத்திலோ, தடை செய்த வலையாலோ பிடிப்பது சட்டவிரோதம். பிடித்ததை மறைப்பதும் குறைத்து எழுதுவதும் கணக்கில் காட்டாமை. எந்த நாட்டின் விதிக்கும் உட்படாத கப்பலோ, விதியே வகுக்கப்படாத கடற்பகுதியில் இயங்கும் கப்பலோ பிடிப்பது ஒழுங்குமுறைக்கு உட்படாமை. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 2001இல் வெளியிட்ட பன்னாட்டுச் செயல்திட்டம் இம்மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்தது.

என் அனுபவத்தில் இரண்டாவதே மிகப் பரவலானது. முறையான உரிமம் பெற்ற கப்பல், முறையான கடலில், முறையான தூண்டிலால் பிடிக்கிறது. ஏட்டில் மட்டும் பாதியை எழுதுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அதில் எந்தக் குற்றமும் தெரியாது. ஆனால் அந்த ஏட்டை நம்பித்தான் அறிவியலாளர்கள் கடலில் எவ்வளவு மீன் மிச்சம் இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள்; அடுத்த ஆண்டுக்கான அளவும் அதை வைத்தே நிர்ணயமாகிறது.

கடல் எல்லோருக்கும் பொது. அதில் கோடு போட்டது யார்?

1982இல் கையெழுத்தாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் ஆட்சிக்கடல். 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை அதன் பிரத்யேகப் பொருளாதார மண்டலம். அந்த மண்டலத்தில் கப்பல்கள் தடையின்றிப் போகலாம், வரலாம். மீனுக்கான உரிமை மட்டும் கரை நாட்டுடையது. அதற்கு அப்பால் இருப்பது திறந்த கடல். அங்கே பிடிக்கும் சுதந்திரம் எல்லா நாடுகளுக்கும் உண்டு. மீன்வளத்தைக் காக்க ஒன்றோடொன்று ஒத்துழைக்கும் கடமையும் சேர்ந்தே உண்டு. சூரை போன்ற வலசை மீன்களைப் பொறுத்தவரை அந்தக் கடமையை 1995ஆம் ஆண்டு ஒப்பந்தம் விரிவாக வகுத்தது.

சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் நிலம் கொண்ட நம் நாட்டுக்கு, பிரிட்டனோடு வழக்கில் இருந்த சாகோஸ் தீவுகளையும் சேர்த்து அரசு சொல்லும் கணக்கில், ஏறத்தாழ 23 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் இருக்கிறது.

உலகம் முழுவதும் எவ்வளவு மீன் இப்படிப் போகிறது?

2009இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீடு ஆண்டுக்கு 1.1 கோடி முதல் 2.6 கோடி டன் வரை, மதிப்பில் 1,000 கோடி முதல் 2,350 கோடி டாலர் வரை என்று சொல்கிறது. இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்களைத்தான். இரு முனைகளுக்கும் இடையே இவ்வளவு அகலம் இருப்பதற்குக் காரணம், எண்ணப்பட வேண்டிய பொருளே ஒளித்து வைக்கப்பட்ட பொருள் என்பதுதான்.

லகூனில் வலை போட்ட ஏழையைப் பிடிக்கிறார்கள். வெளிக்கடலில் நிற்கும் பெரிய கப்பலை யார் பிடிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. பலர் வாயால் இதைக் கேட்டிருக்கிறேன். ஆயினும் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது சரியல்ல. பெரிய வலைகளுக்கு அக்டோபர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முடிய நம் லகூனில், அதாவது பவளத்திட்டுக்கும் கரைக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடலில், அனுமதி இல்லை. நாம் ‘உரித்’ என்று சொல்லும் பேய்க்கணவாயைப் பிடிக்க ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை 2016இலிருந்து தடை இருக்கிறது. இந்தப் பழக்கத்தை நமக்குக் காட்டியது நம் ரொட்ரீக் தீவு. அங்கே 2012லேயே தொடங்கிவிட்டார்கள். பவளத்திட்டில் கம்பியோடு நடந்து உரித் குத்திய பெண்களே அந்தத் தடையைக் காத்தார்கள். தடை நீங்கிய நாளில் அவர்கள் கொண்டுவந்த உரித்தின் எடையே அதற்கான நியாயத்தைச் சொன்னது.

லகூன் விதி நம் சட்டம். அதை நாமே நிறைவேற்றலாம். பெரிய கப்பலின் கதை வேறு: கொடி ஒரு நாட்டுடையது, முதலாளி வேறொரு நாட்டவர், மாலுமிகள் மூன்றாவது நாட்டவர், மீன் நான்காவது நாட்டின் கடலில் பிடிபட்டு ஐந்தாவது நாட்டின் துறைமுகத்தில் இறங்குகிறது. எந்த ஒரு நாடும் தனியாக நின்று அதைப் பிடிக்க முடியாது. பன்னாட்டு ஒத்துழைப்பு என்ற பேச்சு எழுவது இதனால்தான்.

சூரை மீன் நீந்திக்கொண்டே இருக்கிறது. அதற்கு யார் கணக்குப்பிள்ளை?

சீஷெல்ஸ் தலைநகர் விக்டோரியாவில் அலுவலகம் கொண்ட இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம். அதன் ஒப்பந்தம் 1993இல் ஏற்கப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. மொரீசியஸ், இந்தியா, இலங்கை, தென்னாப்பிரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் எனக் கரை நாடுகளும் தொலைவிலிருந்து மீன்பிடிக் கப்பல்களை அனுப்பும் நாடுகளும் அதில் அமர்ந்திருக்கின்றன. எந்தக் கப்பல் பிடிக்கலாம் என்ற அனுமதிப் பட்டியலும், எந்தக் கப்பல் குற்றம் செய்தது என்ற கறுப்புப் பட்டியலும் அதனிடம் உண்டு. சூரை அல்லாத ஆழ்கடல் மீன்களுக்கு 2012இல் நடைமுறைக்கு வந்த தெற்கு இந்தியப் பெருங்கடல் மீன்வள ஒப்பந்தம் இருக்கிறது. அதன் செயலகம் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில்.

ஆணையத்தின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு தீர்மானம் பிடிக்காத உறுப்பு நாடு, குறித்த காலத்துக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டால் அத்தீர்மானம் அந்த நாட்டைக் கட்டாது. மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று 2015இல் அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். 2016இல் மீட்புத் திட்டம் வந்தது. அதன் பிறகும் யார் எவ்வளவு குறைப்பது என்ற வாதம் ஆண்டுதோறும் நீண்டது. ஒப்புதலால் மட்டுமே நடக்கும் அமைப்பு, தாமதிக்க விரும்புபவருக்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது என்பது என் கருத்து.

இவ்வளவு பெரிய கடலை ஒன்றிரண்டு கோஸ்ட்கார்ட் கப்பல்களால் காவல் காக்க முடியுமா?

முடியாது. கொல்கத்தாவில் கட்டப்பட்டு 2015இல் பணியில் சேர்ந்த ‘பாராகுடா’ நல்ல கப்பல்தான். ஆனால் அது நம் வெளித்தீவான அகலேகாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொரு வெளித்தீவான சென் பிராண்டனில் இருக்க முடியாது. அதனால்தான் நம் எபேன் நகரில் தலைமையகம் கொண்ட, சூரை ஆணையத்திலிருந்து வேறான இந்தியப் பெருங்கடல் ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களும், அதாவது மொரீசியஸ், மடகாஸ்கர், சீஷெல்ஸ், கொமோரோஸ், ரெயூனியன் வழியாகப் பிரான்ஸ், 2007இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு ஒரு கூட்டு மீன்வளக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கின. பின்னர் கென்யா, தான்சானியா, மொசாம்பிக் ஆகியவையும் சேர்ந்தன. ஒரு நாட்டின் ரோந்துக் கப்பலில் மற்ற நாடுகளின் அதிகாரிகளும் ஏறிச் செல்கிறார்கள். மடகாஸ்கர் அதிகாரிக்குத் தெரிந்த கப்பல் நம் அதிகாரிக்குப் புதிதாக இருக்கலாம். ஒரே கப்பல் தளத்தில் நிற்கும்போது அந்த அறிவு உடனே கைமாறுகிறது.

பெரிய கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும் கண்காணிப்புப் பெட்டியை வைத்திருக்க வேண்டும். மோதலைத் தவிர்க்கப் பொருத்தப்படும் தானியங்கி அடையாளக் கருவி இன்னொன்று. இரண்டாவதை அணைப்பது எளிது. ஆனால் நேற்றுவரை ஒளிர்ந்த புள்ளி இன்று ஒரு எல்லைக்கோட்டின் அருகே மறைந்து நான்காம் நாள் மறுபக்கம் தோன்றினால், அந்த இடைவெளியே கேள்வி கேட்கப் போதுமான காரணம்.

நடுக்கடலில் பிடிக்காமல், துறைமுகத்துக்கு வந்த பிறகு பிடிப்பதில் என்ன பெருமை?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த விடையைப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மீன் எங்கே பிடிபட்டாலும் ஒருநாள் கரைக்கு வந்தே தீர வேண்டும். எண்ணெயும் உணவும் தூண்டிலிரையும் தீரும்போது கப்பலும் வந்தே தீர வேண்டும். கடலில் ஒரு கப்பலைத் தேட ஆகும் எண்ணெய்ச் செலவில் துறைமுகத்தில் பல கப்பல்களைச் சோதித்துவிடலாம். இந்த எளிய உண்மையின் மீது எழுப்பப்பட்டதுதான் துறைமுக நாட்டு நடவடிக்கைகள் ஒப்பந்தம். 2009இல் ஏற்கப்பட்டு, 2016 ஜூன் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நாளே இப்போது சட்டவிரோத மீன்பிடிப்புக்கு எதிரான பன்னாட்டு நாள். அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே சேர்ந்த நாடுகளில் மொரீசியசும் ஒன்று.

அது சொல்வது இதுதான். வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். எங்கே, எந்த உரிமத்தில், என்ன மீன், எவ்வளவு பிடித்தது என்று எழுதித் தர வேண்டும். குற்றத்துக்குப் போதிய சான்று இருந்தால் நுழைவை மறுக்கலாம், அல்லது சோதனைக்காக மட்டும் உள்ளே விடலாம். உள்ளே வந்த பிறகு குற்றம் தெரிந்தால், மீன் இறக்கவும் எண்ணெய் நிரப்பவும் பழுது பார்க்கவும் அனுமதி இல்லை. மாலுமிகளின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கப்பலின் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் விலக்கு. சோதனை அறிக்கை கொடி நாட்டுக்கும் தேவைப்படும் பிற நாடுகளுக்கும் மீன்வள அமைப்புகளுக்கும் போக வேண்டும்.

சோதனை எப்படி நடக்கும் என்பதை த்ரூ ஃபான்ஃபாரோன் கரையில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நெடுந்தூண்டில் கப்பலின் அறைக்கதவைத் திறந்ததும் வெண்புகை போலக் குளிர் வெளியே உருளும்; உள்ளே சூரை மீன்கள் செவுளும் வாலும் வெட்டப்பட்டு, பனி படிந்து, விறகுக்கட்டைகளைப் போல அடுக்கியிருக்கும். அதிகாரி முதலில் மீனைப் பார்க்க மாட்டார். ஏட்டை வாங்கி, கடைசி இருபது நாள்களின் இடங்களைக் கண்காணிப்புப் பெட்டி காட்டும் இடங்களோடு விரல் வைத்து ஒப்பிடுவார். பிறகு இறக்கப்படும் எடையை ஏட்டிலுள்ள எடையோடு பார்ப்பார். ஒருமுறை ஓர் அதிகாரி கப்பலின் பின்புறத்தில் எழுதியிருந்த பெயரின் மீது உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினார். வண்ணத்தின் அடியில் வேறொரு பெயரின் பற்றவைத்த எழுத்துகள் கைக்குத் தட்டுப்பட்டன. பெயரையும் கொடியையும் மாற்றலாம். கப்பலின் உடலோடு கடைசிவரை போகும் ஏழு இலக்கப் பன்னாட்டு எண்ணை மாற்ற முடியாது. அந்த எண் மீன்பிடிக் கப்பல்களுக்கும் வந்த பிறகு இந்த வேலை வெகுவாகச் சுலபமாகியிருக்கிறது.

நாம் கதவைச் சாத்தினால் கப்பல் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போகும். நம் ஆட்களுக்கு வேலைதானே போகும்?

பக்கத்துத் துறைமுகமும் கதவைச் சாத்தினால் எங்கே போகும்? 2012இல் தொடங்கிய ‘ஃபிஷ்-ஐ ஆப்பிரிக்கா’ என்ற ஏற்பாட்டில் கொமோரோஸ், கென்யா, மடகாஸ்கர், மொரீசியஸ், மொசாம்பிக், சீஷெல்ஸ், சோமாலியா, தான்சானியா ஆகிய எட்டு நாடுகள் தகவலைப் பகிர்ந்துகொண்டன. அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. லைபீரியாவின் கடலில் செல்லத்தக்க உரிமம் இன்றிப் பிடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ‘பிரீமியர்’ என்ற கொரியச் சுருக்குமடிக் கப்பல், நம் பக்கத்துக் கடல்களில் உரிமம் கேட்டது. தகவல் முன்பே கைமாறியிருந்ததால் ஒரு நாடு மறுத்ததும் அடுத்த நாடும் மறுத்தது. கடைசியில் உரிமையாளர் லைபீரியாவோடு பேசிப் பணம் கட்டித் தீர்க்க வேண்டியதாயிற்று. ஆப்பிரிக்காவின் மறுகரையில் நடந்த குற்றத்துக்கு இந்தக் கரை கணக்குக் கேட்டது.

நம் பழைய கதையையும் மறக்கக் கூடாது. 1990களின் பிற்பகுதியில், தென்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான கெர்கெலன், குரோசே தீவுகளைச் சுற்றிக் களவாகப் பிடித்த பல்மீன், ரெயூனியனில் ‘லெகின்’ என்று சொல்லும் மீன், பெருமளவில் இறங்கிய துறைமுகங்களில் போர்ட் லூயிஸும் ஒன்று. அண்டார்டிகக் கடல் உடன்படிக்கையின் ஆணையம் 2000இல் அந்த மீனுக்குப் பிறப்புச் சான்றிதழ் போன்ற ஓர் ஆவண முறையைக் கொண்டுவந்தது. மொரீசியஸ் பின்னர் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. அன்று சுமை இறக்கியவர்களுக்குக் கிடைத்த கூலி சில ஆண்டுகளுக்குத்தான். இன்று நம் சூரைத் தொழிற்சாலைகளின் ஆயிரக்கணக்கான வேலைகள் நிற்பது ஐரோப்பியச் சந்தையின் நம்பிக்கையில்.

ஐரோப்பாவுக்கு இதில் என்ன வந்தது? அவர்கள் மஞ்சள் அட்டை காட்ட நாம் என்ன கால்பந்தா ஆடுகிறோம்?

ஐரோப்பிய ஒன்றியம் மீன் வாங்கும் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. 2010 ஜனவரி முதல், கடலில் பிடித்த மீன் எதுவும் கொடி நாடு உறுதி செய்த பிடிப்புச் சான்றிதழ் இல்லாமல் அங்கே நுழைய முடியாது. காவலில் தவறும் நாட்டுக்கு முதலில் எச்சரிக்கை, அது மஞ்சள் அட்டை. திருந்தாவிட்டால் இறக்குமதித் தடை, அது சிவப்பு அட்டை. இலங்கைக்கு 2012இல் மஞ்சள் காட்டினார்கள். 2015 ஜனவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. சட்டத்தைத் திருத்தி, ஆழ்கடல் படகுகளுக்குக் கண்காணிப்புப் பெட்டி பொருத்திய பிறகு 2016இல் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் நட்டம் பட்டவர்களில் விதியை மீறாத படகுக்காரர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க முடியாது. சந்தை என்ற ஆயுதம் கூர்மையானது. யார் மீது படும் என்று பார்த்து வெட்டுவதில்லை. ஐரோப்பியக் கொடியுள்ள சுருக்குமடிக் கப்பல்களே நம் கடலில் மிகப் பெரிய சூரைப் பிடிப்பாளர்களில் அடங்கும். அவர்களையும் இதே கண்டிப்போடு கேட்கும் உரிமை நமக்கு உண்டு, சூரை ஆணையக் கூட்டங்களில் கரை நாடுகள் அதைக் கேட்டும் வருகின்றன.

கரைக்கே வராமல் நடுக்கடலிலேயே மீனை வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டால்?

அது உண்மையான ஓட்டை. குளிர்பதனக் கப்பல் ஒன்று பல பிடிப்புக் கப்பல்களிடமிருந்து மீனை வாங்கிக் கலந்துவிட்டால், எது எங்கே பிடித்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. சூரை ஆணையம் பெரிய நெடுந்தூண்டில் கப்பல்களுக்கு மட்டுமே இதை அனுமதிக்கிறது. அதுவும் மீனைப் பெறும் கப்பல் பதிவு பெற்றதாகவும், அதில் சுயேச்சையான பார்வையாளர் ஒருவர் இருக்கும் நிலையிலும் மட்டுமே. மற்றவை துறைமுகத்தில்தான் மாற்ற வேண்டும். முழுத் தடையே தேவை என்பது என் எண்ணம். மீனை மட்டுமல்ல, மாலுமிகளையும் மாதக்கணக்கில் கரை காணாமல் வைத்திருக்க அந்தக் குளிர்பதனக் கப்பல்களே வழி செய்கின்றன.

பிடித்த கப்பலைப் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்களே, இது என்ன நியாயம்?

கடலில் கோடு போட்ட அதே ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைதான் இதையும் சொல்கிறது. பொருளாதார மண்டலத்தில் பிடிபட்ட கப்பலை, நியாயமான பிணைத்தொகை கட்டினால் உடனே விடுவிக்க வேண்டும். வழக்கு அதன்பின் நடக்கும். எது நியாயமான தொகை என்பதில்தான் சண்டை. பனாமாக் கொடியோடு 1999இல் குரோசே கடலில் பிடிபட்ட ‘கமூகோ’வை ரெயூனியனுக்குக் கொண்டு வந்தபோது, அங்குள்ள நீதிமன்றம் 2 கோடி பிராங்க் கேட்டது, ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் அதை 80 லட்சமாகக் குறைத்தது. 2000இல் சீஷெல்ஸ் கொடியோடு கெர்கெலன் அருகே பிடிபட்ட ‘மோன்தே கொன்ஃபூர்கோ’வுக்கு 5.64 கோடி கேட்டார்கள், தீர்ப்பாயம் 1.8 கோடியாக்கியது.

அந்தக் கப்பல்கள் மீண்டும் திருடுமே என்று கேட்பீர்கள். பிடித்த நாடு எல்லாம் நேர்மையாகவே பிடிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதே மறுபக்க வாதம். பொய்க் குற்றம் சாட்டி ஒரு சிறு நாட்டின் கப்பலை ஆண்டுக்கணக்கில் கட்டி வைக்கும் ஆபத்தும் உண்டு. இந்த விதியை நான் ஏற்கிறேன். ஆனால் பிணைத்தொகையைக் கணக்கிடும்போது கடலுக்கு நேர்ந்த இழப்பு இன்னும் கனமாக எடைபோடப்பட வேண்டும்.

ஓடுகிற கப்பலை எவ்வளவு தூரம் துரத்தலாம்?

விரட்டல் உங்கள் மண்டலத்துக்குள் தொடங்க வேண்டும். இடையில் அறுபடக் கூடாது. ஓடும் கப்பல் தன் நாட்டின் அல்லது வேறொரு நாட்டின் ஆட்சிக்கடலில் நுழைந்துவிட்டால் நிற்க வேண்டும். 2003 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் ஹேர்ட் தீவு அருகே காணப்பட்ட உருகுவே நாட்டுக் கொடியுள்ள ‘வியார்சா 1’ஐ, பனிப்பாறைகளுக்கு இடையே 21 நாள், சுமார் 7,200 கிலோமீட்டர் துரத்தினார்கள். ஆஸ்திரேலியக் கப்பல் தனியாக முடித்திருக்க முடியாது. தென்னாப்பிரிக்காவும் பிரிட்டனும் கப்பல் அனுப்பிய பின்னரே தென் அட்லாண்டிக்கில் மடக்க முடிந்தது. அவ்வளவுக்குப் பிறகு 2005இல் பெர்த் நகர நீதிமன்றத்தின் ஜூரிகள் மாலுமிகளைக் குற்றவாளிகள் அல்லர் என்று விடுவித்தார்கள். கடலில் வென்றதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேறு விதமான உழைப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு இல்லை.

‘தண்டர்’ கப்பலின் கதை வேறு. இன்டர்போல் தேடிய அந்தக் கப்பலை 2014 டிசம்பரிலிருந்து 110 நாள் பின்தொடர்ந்தது சீ ஷெப்பர்டு என்ற தொண்டு அமைப்பு. அவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை, எனவே சட்டப்படி அது விரட்டல் ஆகாது. அவர்களுடைய இரண்டாவது கப்பல், ‘தண்டர்’ விட்டுப்போன 72 கிலோமீட்டர் செவுள்வலையைக் கடலிலிருந்து இழுத்தெடுத்து, சான்றாக ஒப்படைக்க இங்கே போர்ட் லூயிஸுக்குத்தான் கொண்டுவந்தது. 2015 ஏப்ரலில் சாவோ தோமே அருகே ‘தண்டர்’ மூழ்கியது. அதன் தலைவரும் பொறியாளர்களும் அந்தச் சிறு தீவு நாட்டின் நீதிமன்றத்திலேயே தண்டனை பெற்றார்கள்.

கன்னியாகுமரிப் பையன்களும் இலங்கைப் படகுகளும் சாகோஸ் பக்கம் பிடிபடுகிறார்களே, அவர்களும் திருடர்களா?

அனுமதியில்லாத கடலில் பிடிப்பது குற்றம். தமிழர் பிடித்தாலும் குற்றமே. தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் சுறாவைத் தேடி ஆழ்கடல் போவதில் பெயர் பெற்றவர்கள். அவர்களுடைய படகுகளும் இலங்கைப் படகுகளும் சாகோஸ் கடலில் பிரிட்டிஷ் நிர்வாகத்தால் பிடிக்கப்பட்டிருக்கின்றன. இயந்திரம் பழுதாகி ஒதுங்கிய படகு ஒன்றின் ஆட்களோடு ஒருமுறை பேசினேன். தலைவர் தன் கையடக்க ஜிபிஎஸ்ஸை என் முன் வைத்தார். அதில் மீன் கிடைத்த இடங்களுக்கெல்லாம் பிள்ளைகளின் பெயர் வைத்திருந்தார்; எல்லைக்கோடு மட்டும் அதில் இல்லை. “அண்ணே, தண்ணியில கோடு எங்க இருக்கு, காட்டுங்க” என்றார். கோடு இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தன் ஊர்க்கடலில் சுறா கிடைக்காத நிலையில் வட்டிக்கடனோடு வந்தவர் அவர்.

சட்டம் அவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிக் குற்றத்துக்கு, நாடுகளிடையே தனி ஒப்பந்தம் இல்லாதபோது, சிறைத்தண்டனை கூடாது. பிடித்ததைக் கொடி நாட்டுக்கு உடனே அறிவிக்க வேண்டும். சாகோஸைப் பொறுத்தவரை இன்னொரு முடிச்சும் உண்டு. அங்கே பிரிட்டன் 2010இல் அறிவித்த கடற்காப்பகம் மொரீசியசின் உரிமைகளை மதிக்காமல் செய்யப்பட்டது என்று 2015இல் நடுவர் மன்றம் கூறியது. மொரீசியசிடமிருந்து அந்தத் தீவுகளைப் பிரித்ததே சட்டப்படி முறையாக நடக்கவில்லை என்று 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரைத்தது. நாளை அந்தக் கடலைக் காக்கும் பொறுப்பு முழுமையாக நமக்கு வரும்போது, பிடிபடும் தமிழ் மீனவரிடம் அவர் மொழியில் பேச ஆள் வைத்திருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைக்கிறேன்.

சாயா த மால்யா திட்டு நமக்குச் சொந்தம் என்று படித்தேன். பிறகு ஏன் வெளிநாட்டு இழுவலைகள் அங்கே வருகின்றன?

பாதிதான் நமக்குச் சொந்தம், அதுவும் கீழ்ப்பாதி. 200 மைலுக்கு அப்பாலும் நீளும் கடலடித் திட்டை நாமும் சீஷெல்ஸும் சேர்ந்து ஐ.நா. ஆணையத்தின் முன் கோரினோம். 2012இல் ஏறத்தாழ 3,96,000 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கூட்டாக நிர்வகிக்க ஒப்பந்தம் செய்தோம். நாடுகள் ஒன்றோடொன்று வழக்காடும் பொருளில் இரு தீவுகள் கைகோத்த இந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் மகிழ்ச்சி ஏற்படுகிறது. ஆனால் அந்த உரிமை கடலடிக்கும், அதில் ஒட்டி வாழும் கடல் அட்டை போன்ற உயிர்களுக்கும் மட்டுமே. மேலே இருக்கும் தண்ணீர் திறந்த கடல். அதில் நீந்தும் மீன் யாருக்கும் சொந்தமில்லை.

2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாய்லாந்து இழுவலைக் கப்பல்கள் அங்கே வந்தது இதனால்தான். இழுவலை நீந்தும் மீனைத் தேடி வந்தாலும் அடியில் இருக்கும் கடற்புல்லையும் உழுதுவிடும். அந்தக் கடற்புல் வெளி உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஒரே இடத்தில் மேல்தண்ணீருக்கு ஒரு விதி, தரைக்கு ஒரு விதி. ரெயூனியனில் செயலகம் உள்ள ஒப்பந்தத்தில் தாய்லாந்தும் சேர்ந்திருப்பதால், இனி அந்த மேசையில் அமர்ந்துதான் இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

அரசாங்கமே டீசலுக்குக் காசு கொடுத்து அனுப்பினால் கப்பல் போகாமல் என்ன செய்யும்?

சரியான கேள்வி. உலக வணிக அமைப்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசி, 2022 ஜூனில் மீன்பிடி மானிய ஒப்பந்தத்தை ஏற்றது. 2025 செப்டம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோதமாகப் பிடித்த கப்பலுக்கும், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன் இனத்துக்கும், எந்த அமைப்பின் கட்டுப்பாட்டிலும் இல்லாத திறந்த கடலுக்கும் இனி மானியம் கூடாது. மீன்பிடிக் கப்பல்களை அளவுக்கு மீறிப் பெருக்கும் மானியம் பற்றிய பகுதி இன்னும் முடியவில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் அதை முடிக்காவிட்டால், உறுப்பு நாடுகள் வேறு விதமாகத் தீர்மானித்தாலொழிய, இந்த ஒப்பந்தமே காலாவதியாகும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

எல்லாம் சரி, மாட்டுவது கப்பலும் கூலிக்காரனும். முதலாளி மாட்டியதுண்டா?

உண்டு, அரிதாக. ஸ்பெயின் தன் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டுக் கொடியின் பின்னால் மறைந்திருக்கும் தன் குடிமக்களையும் தண்டிக்க வழி செய்தது. தென்கடல் பல்மீன் திருட்டோடு தொடர்புடைய நிறுவனங்களுக்கும் ஆட்களுக்கும் 2016இல் கோடிக்கணக்கான யூரோ அபராதம் விதித்தது.

இன்னொன்று தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. கேப் டவுன் அருகே ஒரு நிறுவனம், அனுமதித்த அளவுக்கு மேல் கற்சிங்கி இறாலை ஆண்டுக்கணக்கில் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. தென்னாப்பிரிக்க அதிகாரிகள் 2001இல் ஒரு பெட்டகத்தைப் பிடித்துச் செய்தியை அமெரிக்காவுக்குத் தெரிவித்தார்கள். வேறு நாட்டின் சட்டத்தை மீறிப் பிடித்ததை இறக்குமதி செய்வதே அமெரிக்கச் சட்டப்படி குற்றம் என்பதால், அங்கே வழக்கு நடந்தது. முதலாளிகள் 2004இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். அந்த இறால் தென்னாப்பிரிக்காவின் உடைமை நலன், எனவே இழப்பீடு அந்த நாட்டுக்குச் சேர வேண்டும் என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 2013இல் நீதிபதி நிர்ணயித்த தொகை சுமார் 3 கோடி டாலர். ஒரு நாட்டின் அதிகாரிகள் மறு நாட்டுக்குத் தகவல் கொடுத்ததில்தான் அந்த வழக்கு தொடங்கியது.